வரம்பில் சாத்திய மூட்டை

“சரி மகள், நீ படிக்கிறாய். உனக்கு வெளங்கிச்சா இல்லியா எண்டு பாத்துச் செல்ல இந்த ஊரில ஆரு இரிக்கி?”

கேட்டவர் என் மாமா, உம்மா ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை. மறுகையின் இரு விரல்களுக்கிடையில் என் புத்தகத்தின் ஒரு தாள். விதைநெல் வாங்கும்போது நெல்மணியைத் தேய்த்துப் பார்ப்பதைப் போலவே அந்தத் தாளையும் தேய்த்துப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் நாவிதன்வெளிப் பக்கத்தில் வட்டை எனப்படும் வயல்வெளி ஒன்றுக்கு வட்டவிதானை. வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவதும் வரம்புச் சண்டைகளைத் தீர்ப்பதும் அவருடைய வேலை. பொய் சொல்பவனை மூன்றாவது கேள்வியில் பிடித்துவிடுவார் என்று பெயர்.

அவர் ஏளனமாகக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. மருதமுனையில் ஒரு பெண்பிள்ளை கணக்குப் படிப்பதைப் பற்றி ஏளனம் செய்தவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் சரிபார்த்துச் சொல்ல ஆள் யார் என்று மாமா கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் அது என்னை விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பார். உம்மா குர்ஆனை அழகாக ஓதுவார். தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நானே வாசித்து வருகிறேன். நான் வாசித்ததுதான் கடிதம். ஒருமுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தில் பதினேழாம் திகதி என்றிருந்ததை ஏழாம் திகதி என்று வாசித்துவிட்டேன். வாப்பா பத்து நாள் முந்திப் போய், பகல் முழுவதும் கந்தோர் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். வந்து முகம் கழுவிக்கொண்டே, “கந்தோர்க்காரனுக்குப் புத்தி இல்ல மகள்” என்றார். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை. நான் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, பிழை என்னுடையது என்று கண்டேன். பிழை விட்டால் பிடிக்க ஆளில்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். மாமாவுக்கு அது தெரியாது. ஆனாலும் அவர் கேள்வி நேரே அந்த இடத்தில் வந்து குத்தியது.

புத்தகம் வந்த கதையைச் சொல்கிறேன். கல்முனையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மட்டக்களப்பில் விடுதியில் தங்கி மேல்வகுப்பு முடித்தேன். அங்கே கணித பாடத்தில் கடைசி அத்தியாயமாக நிகழ்தகவு வந்தது. ஒரு பையில் சிவப்புப் பந்துகளும் வெள்ளைப் பந்துகளும் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? தெரியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகப் பேசலாம் என்பது எனக்குப் பெரிய ஆனந்தமாக இருந்தது. அத்தியாயம் பதினொரு பக்கத்தில் முடிந்துவிட்டது. ஊர் திரும்பிப் பெண்கள் பாடசாலையில் ஆசிரியையானதும், முதல் சம்பளத்தில் கொழும்புப் புத்தகக்கடை ஒன்றுக்கு எழுதினேன்: நிகழ்தகவு பற்றிய புதிய, பெரிய புத்தகம் ஒன்று அனுப்புங்கள். கடைக்காரர் நான் கேட்டபடியே செய்தார். புதியதாகவும் பெரியதாகவும் ஒன்றை அனுப்பினார்.

தபால்காரர் பொதியைத் தந்தபோது மாமாவும் வீட்டில் இருந்தார்.

“என்ன புத்தகம் மகள்?”

“நிகழ்தகவு மாமா. ஒண்டு நடக்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இரிக்கி எண்டு கணக்குப் பாக்கிறது. இப்ப ஒரு தாயக்கட்டைய உருட்டினா…”

“அல்லாஹ்வே! தங்கச்சி, இஞ்ச வா! உன்ட மகள் சூது படிக்கத் தபாலில புத்தகம் எடுத்திரிக்காள்!”

உம்மா தறியை நிறுத்திவிட்டு வந்தார். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

“இதில தாயக்கட்டையும் இல்ல, விளையாடுற கடுதாசியும் இல்ல காக்கா. எறும்பு மையில விழுந்து எழும்பி நடந்த மாதிரிக் கிடக்கு. இதப் பாத்துச் சூதாடுறவன் தோத்துத்தான் போவான். படிக்கட்டும்.”

உண்மையில் நானும் தாயக்கட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முதல் நூறு பக்கங்களில் பந்தும் இல்லை, பையும் இல்லை. தொடைகள் எனப்படும் பொருட்கூட்டங்கள், எல்லைகள், அளவைகள். ஒரு பொருட்கூட்டத்துக்கு அளவு சொல்வதென்றால் என்ன, எந்தக் கூட்டத்துக்கு அளவு சொல்லலாம், எதற்குச் சொல்ல முடியாது என்று ஆசிரியர் அத்திவாரம் தோண்டிக்கொண்டே போனார். நான் வீட்டைக் கேட்டேன், அவர் மண்ணைக் காட்டினார். முதல் பக்கத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதைப் படிக்க இன்னொரு புத்தகம் தேவை என்பது விளங்க ஒரு மாதம். இரண்டாவது புத்தகத்தையும் எடுப்பித்தேன். அதிலிருந்துதான், ஒரு எண் இன்னோர் எண்ணை நெருங்குகிறது என்று சொன்னால் அதன் பொருள் என்ன என்பதைக் கற்றேன். நீ எவ்வளவு சிறிய இடைவெளி கேட்டாலும் நான் அதைவிடக் கிட்டப் போய்க் காட்டுவேன் என்று ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. விடுதியில் அந்தக் கணக்குகளை நூற்றுக்கணக்கில் செய்திருந்தேன். அந்த வாக்கைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விடியுமுன் சுபஹுத் தொழுத பிறகு பள்ளிக்கூடம் போகும் வரை என் நேரம். வெளிச்சம் வந்ததும் உம்மாவின் தறி தொடங்கும். அந்தச் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்ததே இல்லை. தறி நின்றால்தான் தலை நிமிர்வேன். எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். உம்மா தறியில் நெய்து வெட்டிப்போட்ட சாறன் துணித் துண்டு ஒன்று, நீலக் கட்டம் போட்டது. தேற்றத்தை மட்டும் வாசிப்பேன். அதன் கீழே உள்ள நிறுவலைச் சாறன் துண்டால் மூடிவிடுவேன். நானே நிறுவிப் பார்ப்பேன். முடிந்த பிறகு, அல்லது முடியாமல் போன பிறகு, துண்டைத் தூக்கிப் புத்தகத்தைப் பார்ப்பேன். சில தேற்றங்கள் பதினைந்து நாள் மூடிக் கிடந்தன.

சந்தோசமான நாட்கள் அவை. பின்னங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் அவற்றின் மொத்த நீளம் பூச்சியம் என்று அறிந்த காலையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்த இரண்டு புள்ளிக்கிடையிலும் பின்னம் உண்டு. கோடு முழுக்க நெருங்கிக் கிடக்கின்றன. ஆனால் நீளம் பூச்சியம்! யாரிடமாவது சொல்ல வேண்டும். உம்மாதான் இருந்தார்.

“உம்மா, ஒரு முழத் துணி இரிக்கி. முதலாவது ஆளுக்கு அதில அரைவாசி. ரெண்டாவது ஆளுக்கு மிச்சத்தில அரைவாசி. மூண்டாவது ஆளுக்கு அதில அரைவாசி. இப்படியே வெட்டிக்கொண்டு போனா?”

உம்மா தறியிலிருந்து கையை எடுக்கவில்லை. “முடியவே முடியா. எத்தினை பேர் வந்தாலும் ஆளுக்கொரு துண்டு வரும்.”

“ஓம்! முடிவே இல்லாம ஆள் வந்தாலும் ஒரு முழம் போதும். முழத்துக்குப் பதிலா ஒரு விரற்கடை வெச்சாலும் போதும்.”

“போதும்தான்” என்றார் உம்மா. நூலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆனா அவங்க வரிசையில நிக்கோணும். நோம்புக் கஞ்சிக்கு வாற மாதிரி ஆளையாள் இடிச்சிக்கொண்டு வந்தா, ஆரு முதலாவது, ஆரு ரெண்டாவது? வெட்டவே ஏலா.”

நான் உட்கார்ந்துவிட்டேன். என் கணக்கில் அந்த ஆட்கள்தான் பின்னங்கள்: ஒவ்வொன்றையும் ஒரு துண்டால் மூடினால், எவ்வளவு சிறிய துணிக்குள்ளும் எல்லாம் அடங்கிவிடும். பின்னங்களை வரிசையில் நிறுத்தலாம், எல்லா எண்களையும் அப்படி நிறுத்த முடியாது. அதனால்தான் பின்னங்களின் நீளம் பூச்சியம், கோட்டின் நீளம் பூச்சியம் இல்லை. அடுத்த மூன்று பக்கங்களில் புத்தகம் சொல்ல வந்ததே அதுதான். உம்மா கஞ்சிப் பானையை வைத்து முந்திக்கொண்டார்.

அன்று பாடசாலையில் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது நான் தனியாகச் சிரித்தேனாம். பக்கத்து வகுப்பில் படிப்பிக்கும் மெதடிஸ்ட் டீச்சர் இடைவேளையில் வந்து, “என்ன மிஸ், கலியாணம் பேசியிட்டாங்களா?” என்று காதுக்குள் கேட்டார். இல்லை, பின்னங்களுக்கு நீளம் இல்லை என்றேன். பாவம், எனக்காக அன்று மாலை ஜெபித்ததாகப் பிறகு சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்து நான் பெரிய தேற்றத்துக்கு வந்தேன். ஒரே இடத்தின்மீது இரண்டு அளவைகள் இருந்தால், ஒன்றை மற்றதன் வீதமாக எழுதலாம் என்பது அதன் சாரம். மேற்கொண்டு நிகழ்தகவு முழுவதும் அதன் முதுகில்தான் போகிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். எனக்கு அது விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மொத்தமாக அது எதைப் பற்றிப் பேசுகிறது என்று பிடிபடவில்லை.

பிடிபட்டது வயலில். விதைப்புத் தொடங்கும் நாளில் உம்மா வட்டைக்குச் சோறு கொண்டுபோவார். அந்த முறை நானும் திரை கட்டிய மாட்டுவண்டியில் கூடப் போனேன். கிட்டங்கித் துறையைக் கடந்து, நாணல் சரசரக்கும் பாதையால் போய் வண்டி நின்றதும், திரையை விலக்கிப் பார்த்தேன். வாப்பா மடியில் விதையோடு வீசிக்கொண்டு வந்தார். மேட்டுப் பக்கம் கை விரிந்தது. பள்ளத்தில் கை இறுகியது.

“ஏன் வாப்பா மேட்டுப் பக்கம் கூடுதலாப் போடுறீங்க?”

“அங்க குருவியும் எலியும் கூட மகள். அதுகளுக்கும் பங்கு வெச்சுத்தான் வீசோணும்.”

எங்கள் பக்கத்தில் வயலை இரண்டு விதமாக அளப்பார்கள். கந்தோர்க்காரர் ஏக்கரில் சொல்வார். நாங்கள் விதைப்பில் சொல்வோம்: இது பத்து மரைக்கால் விதைப்பு, அது இருபது மரைக்கால் விதைப்பு என்று. மரைக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம். ஏக்கரும் விதைப்பும் ஒன்றல்ல. ஒரே ஏக்கரில் மேடு கூட வாங்கும், பள்ளம் குறைய வாங்கும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். ஒரே மண்ணின்மீது இரண்டு அளவைகள்! இடத்துக்கிடம் மாறும் ஒரு வீதம், வாப்பாவின் கை! அந்த வீதத்தை நிலத்தின்மேல் கூட்டிக்கொண்டு போனால் விதைப்பு வரும். தேற்றம் இதைத்தான் சொல்கிறது.

“வாப்பா! நீங்க எறியிறது அடர்த்தி!” என்று வண்டியிலிருந்தே கத்தினேன்.

“நான் எறியிறது நெல்லு மகள்” என்றார் வாப்பா.

மறுநாள் காலையே சாறன் துண்டால் நிறுவலை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஏக்கருக்கு ஒரு மரைக்காலுக்கு மேல் விழுந்த இடங்கள் ஒருபக்கம், கீழே விழுந்த இடங்கள் மறுபக்கம். அடுத்து இரண்டு மரைக்காலுக்கு அப்படி. பிறகு மூன்று, இடையில் ஒன்றரை, ஒன்றேகால் என்று எல்லாப் பின்னங்களுக்கும். கோடுகள் நெருங்க நெருங்க ஒவ்வொரு இடத்தின் வீதமும் தானாகவே தெரிந்துவிடும். எந்த எண்ணைச் சொன்னாலும் அதையும் தாண்டி விதை விழுந்த இடம் ஒன்று கடைசியில் மிஞ்சியது. அந்த இடத்தில் நிலத்தின் அளவு பூச்சியம் என்று காட்டினேன். பூச்சியம்தானே, விட்டுவிடலாம் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். ஒன்பது பக்கம். துண்டைத் தூக்கிப் பார்க்கவேயில்லை. எனக்கு அவ்வளவு நிச்சயம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடற்கரைப் பக்கத்தால் சுற்றி வந்தேன், சும்மா, நடக்க வேண்டும்போல இருந்ததால்.

மூன்றாம் நாள் மாமா வந்தார். நான் அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“மாமா, பாத்துச் செல்ல ஆரு இரிக்கி எண்டு கேட்டீங்களே. நீங்களே பாத்துச் செல்லுங்க.”

“எனக்கு இங்கிலீசு தெரியா புள்ள.”

“வயல் தெரியும்தானே?”

சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் வயல் கீறினேன். ஏக்கர், விதைப்பு, வீதம், கோடுகள் எல்லாம் சொன்னேன். மாமா குந்தியிருந்து கேட்டார். வழக்குக் கேட்கும்போது செய்வதைப் போல ஒரு கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டார்.

“கல்லுக் கிடக்கிற இடம்? அங்க ஒண்டும் வீசுறல்லியே.”

“அங்க வீதம் பூச்சியம் மாமா.”

“ம். நீ ஒரு வீதம் செல்றாய், இன்னொருத்தன் வேற வீதம் செல்றான். அப்ப?”

“ரெண்டும் வேறுபடுற இடத்தையெல்லாம் சேத்தா நிலம் பூச்சியமாத்தான் வரும். சண்டை பிடிக்க மண் இரிக்காது.”

மாமா சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு மூன்றாவது கேள்வி வந்தது.

“வரம்பு?”

“கணக்கில வரம்புக்கு அகலம் இல்ல. வெறும் கோடு. அதில நிலம் பூச்சியம், விட்டுடலாம்.”

“விட்டுடலாம்.” மாமா வெண்கட்டியை வாங்கி, நான் கீறிய வரம்பின்மேல் ஒரு பொட்டு வைத்தார். “இந்தா, வரம்பில ஒரு மூட்டை விதைநெல்லச் சாத்தி வெச்சிரிக்கன். விதைப்பு நேரத்தில மூட்டை வேற எங்க இரிக்கும்? இந்த நெல்லு எந்த ஏக்கரில சேரும்? அதுக்கு வீதம் செல்லு பாப்பம்.”

நான் வாயைத் திறந்தேன். “வரம்பில விதை இரிக்காது எண்டு…”

“ஆரு செல்லிச்சு?”

யாரும் சொல்லவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். தேற்றத்தின் முதல் வரியிலேயே இருந்தது, துண்டால் மூடாத பகுதியில், நான் இருபது முறை வாசித்த வரியில்: முதல் அளவை பூச்சியமாகும் இடமெல்லாம் இரண்டாவதும் பூச்சியமாக இருக்க வேண்டும். நிலமில்லாத இடத்தில் விதையும் இல்லை என்று வாக்குத் தந்தால்தான் மேலே பேசலாம். என் ஒன்பது பக்கங்களில் அந்த வரியை நான் ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. மிஞ்சிய இடத்தை விட்டுவிட்ட அந்தக் கடைசி வசனத்தில்தான் அது தேவைப்பட்டது. வட்டையில் வளர்ந்தவர்களுக்கு விதை என்றாலே நிலத்தில் விழுந்த விதைதான். வயலையே காணாத ஒருத்தி அந்த வரியை முதலில் பிடித்திருப்பாள். இது எங்கள் ஊரார் மட்டுமே விடக்கூடிய பிழை என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா பயந்துபோனார்.

“அப்ப எல்லாம் பிழையா மகள்?”

“இல்ல மாமா. ஒரு வரி சேக்கோணும். வரம்பில மூட்டை வெக்கப்படாது.”

“அத முதல்ல செல்லோணும்” என்றார், வழக்குத் தீர்ந்த திருப்தியோடு.

“அப்ப பாத்துச் செல்ல ஆள் இரிக்கிதானே?”

“நான் எங்க பாத்த? மூட்டை எங்க எண்டு கேட்டன், அவ்வளவுதான். வயலுக்குள்ள வந்ததால கேட்டன். நாளைக்கு நீ வயலில்லாத இடத்துக்குப் போவாய். அங்க ஆரு கேப்பா?”

மறுபடியும் சரியான கேள்விதான். ஆனால் இந்த முறை எனக்கு ஒரு வழி தெரிந்தது. அன்று முதல் எந்த நிறுவலை எழுதி முடித்தாலும், தேற்றத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதை நான் எந்த வரியில் செலவழித்தேன் என்று தேடினேன். ஒன்று செலவாகாமல் கையில் மிஞ்சினால், எங்கோ வரம்பில் மூட்டை இருக்கிறது. அதை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன், மாமாவின் குரலில், ஒரு கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு.

இதற்குள் புத்தகத்தில் தாயக்கட்டை வந்துவிட்டது. நூற்றெண்பதாம் பக்கத்தைத் தாண்டி, மிகவும் அடக்கமாக, ஒரு உதாரணத்தில். உம்மாவிடம் மறைக்கவில்லை. “வந்திட்டா சூது?” என்று கேட்டார். “ஒரே ஒருக்கா உருட்டிட்டுப் போயிட்டாங்க உம்மா” என்றேன்.

அடுத்த மாரியில் மழை பலமாகப் பெய்தது. கிட்டங்கித் துறையில் பாதை தண்ணீருக்குள் போய், மாமா வட்டையிலேயே நின்றுவிட்டார். பாடசாலையும் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில்தான் பெரிய தேற்றத்தின் அத்தியாய முடிவில் இருந்த பயிற்சிகளைச் செய்யத் தொடங்கினேன். ஏழாவது பயிற்சியில் நின்றுவிட்டேன். அது தேற்றத்தையே இன்னும் விரிந்த வடிவில் கேட்டது: முதல் அளவை எதுவாக இருந்தாலும் சரி, அது பூச்சியமாகும் இடமெல்லாம் இரண்டாவதும் பூச்சியமானால், வீதம் ஒன்று உண்டு என நிறுவுக.

ஐந்து வாரம். முடியவில்லை. கூரையில் விழும் மழையெல்லாம் மாமாவின் கேள்வியாகவே விழுந்தது. விளங்கிச்சா இல்லியா? விளங்கியிருந்தால் வந்திருக்க வேண்டுமே. பயிற்சிதானே, தேற்றம்கூட இல்லையே. கடிதத்தைப் பிழையாக வாசித்த அந்தச் சின்னப் பிள்ளையாகவே இன்னும் இருக்கிறேனோ என்று தோன்றியது. இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் நான் வாசித்ததாக நினைத்தது மட்டுமோ? பகிடியாக இல்லை, உண்மையாகவே ஒரு காலையில் புத்தகத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் உம்மா, மழையில் ஈரம் பிடித்த நூல்களைத் தறியில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை. தேற்றத்தின் நிறுவலில் நிபந்தனைகள் செலவான வரிகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். மூட்டை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை ஓரிடத்தில் செலவாகியிருந்தது. இன்னோரிடத்தில், வயலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நிலம் முடிவுள்ளதாக இருக்க, அந்தத் துண்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்தியிருந்தேன். தேற்றம் அதை நிபந்தனையாகத் தந்திருந்தது. ஏழாவது பயிற்சி தரவில்லை.

வரிசையில் நிறுத்தவே முடியாத நிலமென்றால்?

அலுமாரியைத் திறந்தேன். ஒரு மூடக் கந்தோர்க்காரனைக் கற்பனை செய்தேன். ஏக்கர் தெரியாது, ஒரு முழக் கோட்டில் எத்தனை புள்ளி என்று தலைக்கணக்கு எடுப்பதுதான் அவனுக்கு நிலம். ஒரு புள்ளி என்றால் ஒன்று. புள்ளியே இல்லாத இடம்தான் அவனுக்குப் பூச்சியம். அங்கே வேறெந்த அளவும் பூச்சியமாகத்தான் இருக்கும், ஆகவே பயிற்சியின் நிபந்தனை சரி. இரண்டாவது அளவையாகச் சாதாரண நீளத்தை வைத்தேன். வீதம் ஒன்று உண்டு என்றால் ஒரு புள்ளியில் அது எவ்வளவு? ஒரு புள்ளியின் நீளம் பூச்சியம், வீதமும் பூச்சியம். எல்லாப் புள்ளியிலும் அப்படியே. பூச்சியத்தை எங்கே கூட்டினாலும் பூச்சியம். ஆனால் கோட்டின் நீளம் ஒன்று. வீதம் இல்லை. இருக்க முடியாது.

ஐந்து வாரமாக நிறுவ முயன்றது பொய். நான்கு வரியில் முடிந்துவிட்டது.

உடனே நம்பவில்லை. இந்தப் புத்தகத்தில் எல்லா அளவைகளும் வரிசைப்படுத்தக்கூடியவையே என்று ஆசிரியர் எங்காவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்னதை நான் வழக்கம்போலத் தாண்டி வந்திருக்கலாம். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மூன்று காலைகள். இல்லை. தேற்றத்தில் நிபந்தனை இருந்தது, பயிற்சியில் விடுபட்டிருந்தது. அதுவரை அந்தப் புத்தகத்தில் பென்சிலால் மட்டும் எழுதியவள், ஏழாவது பயிற்சியின் பக்கத்தில் மையால் எழுதினேன்: இது உண்மையல்ல. கீழே நான்கு வரி.

தறிக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்த உம்மா, “என்ன, சூதில வெண்டுட்டியா?” என்றார்.

“ஓம் உம்மா!”

தண்ணீர் வடிந்து மாமா ஊருக்கு வந்தபோது, இந்த முறை வெண்கட்டி எடுக்கவில்லை. வயலும் இல்லை, வரம்பும் இல்லை. புத்தகத்தில் ஒரு பிழை கண்டதாகவும், ஆசிரியருக்கு எழுதி, பதிப்பாளர் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டதாகவும் மட்டும் சொன்னேன்.

மாமா ஒரு கண்ணைச் சிறிதாக்கினார். “அந்த மனிசன் இல்லையெண்டு எழுதினா?”

“அப்ப எந்த வரியில எண்டு காட்டோணும் மாமா. காட்டினா ஒத்துக்கொள்ளுவன். காட்டேலாட்டி அவர் ஒத்துக்கொள்ளோணும். அவர் பெரிய ஆள், நான் மருதமுனை எண்டெல்லாம் அதில பாக்கேலா.”

மாமா தாடியைத் தடவினார். “அப்ப, பாத்துச் செல்ல ஆரு இரிக்கி எண்டு நான் கேட்டது…”

“அந்தக் கேள்விதான் மாமா பாத்துச் செல்லுது.”

அவருக்கு விளங்கியதோ தெரியாது. ஆனால் உம்மாவிடம் திரும்பி, “தங்கச்சி, இவளுக்கு மாப்பிள்ளை பாக்கிறவன் மூண்டு கேள்விக்கு மேல தாங்குறவனாப் பாக்கோணும்” என்றார்.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்காக நான் காத்திருக்கவும் இல்லை. பல்கலைக்கழகம் போகாமலே எழுதும் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு, கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எழுதுவதற்கான விண்ணப்பத்தைப் போன திங்கட்கிழமை நிரப்பினேன். ‘யாரிடம் கற்றீர்?’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சுயமாக’ என்று எழுதினேன். அன்றே கல்முனைத் தபாற்கந்தோரில் பதிவு செய்தேன். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் பற்றுச்சீட்டும் இந்த விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டும் புத்தகத்துக்குள் அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே நிறுவலின்மேல் சாறன் துண்டை நேற்றுக் காலையே விரித்துவிட்டேன். தேற்றம் மட்டும் வெளியே தெரிகிறது. அதற்கு நிபந்தனைகள் மூன்று, எண்ணிவிட்டேன்.